முதற்பத்து நிரைகள்: தரவுத்தள வினவல்களில் எல்லையிடலும் பக்கப்படுத்தலும் – ஒரு வரலாற்று நோக்கு

1

நூலகப் பட்டியலொன்றைக் கணனி மூலம் வினவும் ஆய்வாளருக்கு முதலிற் கிடைப்பன பத்து அல்லது இருபது நூற்பெயர்களே. அவற்றின் கீழே 'அடுத்த பக்கம்' என்றொரு குறிப்புக் காணப்படும். வினாவுக்குப் பொருந்தும் நூல்கள் நாலாயிரம் இருப்பினும் திரையில் தோன்றுவன அப்பத்துமே. இவ்வொழுங்கு இன்று நமக்கு இயல்பானதாகத் தோன்றுகின்றது. ஆயின், இயல்பானதாகத் தோன்றும் ஒன்று எவ்வாறு இயல்பாயிற்று எனக் கேட்பது வரலாற்றாய்வின் முதற்கடமையாகும். முதற்பத்து என்பது எதன் முதல்? அம்முதன்மையை வழங்கியவர் யார்? எஞ்சியவற்றை அடைவதற்கு ஆகும் செலவு யாது? அச்செலவை ஏற்பவர் யார்?

தொகை நூல்களைப் பயில்வோருக்கு இவ்வினாக்கள் புதியனவல்ல. ஒரு தொகையைக் கையிலெடுக்கும்போது தொகுத்தோன் யார், தொகுப்பித்தோன் யார், எந்த அடியெல்லை கொண்டு பாடல்கள் தெரிந்தெடுக்கப்பட்டன என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அவ்வினாக்களையே நமது காலத்தின் பெருந்தொகைகளாகிய தரவுத்தளங்கள் குறித்தும் எழுப்ப முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழில்நுட்ப நுணுக்கங்கள் அனைத்தையும் விளக்குதல் எமது கருத்தன்று. நிரைகளை எல்லையிடுதலும் அவற்றைப் பக்கம் பக்கமாக வழங்குதலும் எத்தகைய வரலாற்று நிலைமைகளில் தோன்றின, எத்தகைய முரண்பாடுகளினூடாக வளர்ந்தன என்பனவற்றையே இங்கு நோக்குவோம்.

தொடக்கத்திலேயே சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. தரவுத்தளத்தில் விபரங்கள் அட்டவணைகளாக வைக்கப்படுகின்றன. அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரியும் நிரை எனப்படும். நூலகப் பட்டியலில் ஒரு நூல் பற்றிய விபரம் ஒரு நிரையாக அமையும். வினவல் என்பது இன்ன இயல்புடைய நிரைகளைத் தருக என்னும் கோரிக்கையாகும். பொருந்துவனவற்றுள் இத்தனையை மாத்திரம் தருக என்பது எல்லையிடல். இத்தனையைக் கடந்து அடுத்த இத்தனையைத் தருக என்பது பக்கப்படுத்தல்.

2

பக்கம் என்னும் அலகு தாள், அட்டை, திரை ஆகிய பொருட்களின் அளவிலிருந்தே பிறந்தது. 1928ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட துளையிட்ட அட்டை எண்பது எழுத்துக்களைக் கொண்டது. 1959இல் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய 1403 என்னும் அச்சுப்பொறி ஒரு வரியில் 132 எழுத்துக்களைப் பதித்தது. பதினொரு அங்குல நீளமுடைய தாளில் அங்குலத்துக்கு ஆறு வரியாக அறுபத்தாறு வரிகள் அடங்கின. 1971இல் வந்த 3270 வகை முனையங்களையொட்டி இருபத்துநான்கு வரியும் வரிக்கு எண்பது எழுத்தும் கொண்ட திரை பொதுவழக்காயிற்று. அட்டையின் அகலம் திரையின் அகலமாகத் தொடர்ந்தமை, புதிய கருவிகள் பழைய கருவிகளின் மரபைச் சுமந்துகொண்டே பிறக்கின்றன என்பதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

தாளிலிருந்து திரைக்கு மாறியபோது முக்கியமானதொரு வேறுபாடு தோன்றிற்று. தாளில் ஓடிய எழுத்து மறைவதில்லை. படிப்பவர் பின்னோக்கிப் புரட்டலாம். திரையில் ஓடிய எழுத்தோ மேலே சென்று மறைந்துவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் 1978இல் டானியல் ஹல்பேர்ட் எழுதிய ஒரு சிறு செய்நிரல் திரை நிரம்பியதும் நின்று, 'மேலும்' என்ற சொல்லைக் காட்டி, படிப்பவரின் விருப்பத்துக்காகக் காத்திருந்தது. அச்செய்நிரலின் பெயரும் அதுவே. நீண்ட வெளியீட்டைத் திரையளவாக நறுக்கித் தருதல் அக்காலத் தேவையாயிருந்ததை இது காட்டுகின்றது.

இன்னொரு தேவை பொருளாதாரஞ் சார்ந்தது. லொக்கீட் நிறுவனத்தின் டயலொக் என்னும் நூல்விபரத் தேடற்சேவை 1972 முதல் வணிக அடிப்படையில் இயங்கிற்று. தேடுபவருக்கு முதலிற் கிடைப்பது பொருந்தும் பதிவுகளின் எண்ணிக்கை. அவற்றுள் எவற்றைக் காட்டுவது, எவற்றை அச்சிடுவது என்பதை அவரே கட்டளையிட வேண்டும். இணைந்திருக்கும் நேரத்துக்கும் அச்சிடும் பதிவுகளுக்கும் கட்டணம் அறவிடப்பட்டமையால், ஒவ்வொரு பதிவும் விலையுள்ள பண்டமாயிற்று. அங்கு எல்லையிடல் என்பது பணப்பையின் எல்லையுமாகும்.

அதே காலத்துத் தரவுத்தளங்கள் வேறொரு முறையில் இயங்கின. 1960களின் முற்பகுதியில் ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்திற் சார்ள்ஸ் பக்மன் அமைத்த தரவுத்தளமும், அப்பலோ விண்வெளித் திட்டத்தின் உதிரிப்பாகப் பட்டியலை நிர்வகிக்கும் தேவையிலிருந்து உருவாகி 1968இல் இயங்கத் தொடங்கிய ஐ.பி.எம்.மின் ஐ.எம்.எஸ். என்னும் தொகுதியும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. இவற்றில் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் செல்லும் வழியைச் செய்நிரலாளரே அறிந்திருக்க வேண்டும். 1973இல் ரியூரிங் பரிசு பெற்ற வேளையில் ஆற்றிய பேருரையில் பக்மன் செய்நிரலாளரை மாலுமியாக உருவகித்தார். 'அடுத்ததைத் தா' என்பதே மாலுமியின் அடிப்படைக் கட்டளை. பத்துப் பதிவுகள் போதுமெனில் பத்தாவதுடன் அவர் நிறுத்திக்கொள்வார். எனவே எல்லையிடலுக்கெனத் தனியானதொரு மொழி அன்று வேண்டப்படவில்லை.

ஆயின் இம்முறையிற் பெரியதொரு குறை இருந்தது. பதிவுகள் வைக்கப்பட்ட ஒழுங்கு மாறினால் அவ்வொழுங்கை நம்பிய செய்நிரல்கள் யாவும் பழுதாயின. தரவின் அமைப்பும் அதைப் பயன்படுத்தும் உழைப்பும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து கிடந்தன. நிறுவனங்களின் தரவுகள் பெருகப் பெருக இப்பிணைப்பு வளர்ச்சிக்குத் தளையாயிற்று.

3

இத்தளையை அறுத்தவர் எட்கர் கொட். இங்கிலாந்தின் டோர்செற் பகுதியைச் சேர்ந்த போர்ட்லண்ட் தீவில் 1923இற் பிறந்த அவர் 1949இல் ஐ.பி.எம்.மிற் சேர்ந்தார். அமெரிக்காவில் மக்கார்த்தியின் கம்யூனிச எதிர்ப்பு வேட்டை உச்சம் பெற்றிருந்த 1953ஆம் ஆண்டில் அதனை வெறுத்துக் கனடாவுக்குச் சென்று, சில ஆண்டுகளின் பின்னரே திரும்பினார். அவரது அரசியலுணர்விலிருந்து அவரது கோட்பாட்டை நேரே வருவிக்க முனைதல் கொச்சையான நிர்ணயவாதமாகும். கோட்பாட்டின் ஊற்றை மேலே கூறிய தொழில்முறைத் தளையிலேயே தேட வேண்டும்.

1970ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியான அவரது கட்டுரை, அக்காலத் தொகுதிகளில் நிலவிய மூன்று சார்புநிலைகளைச் சுட்டிற்று: பதிவுகள் வைக்கப்பட்ட ஒழுங்கைச் சார்ந்திருத்தல், சுட்டிகளைச் சார்ந்திருத்தல், அணுகும் பாதையைச் சார்ந்திருத்தல். இம்மூன்றிலிருந்தும் பயன்படுத்துவோரை விடுவிப்பதே அவரது நோக்கம். அதற்கு அவர் கணிதத்தின் தொடைக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டார். உறவுநிலை மாதிரி என வழங்கும் அவரது அமைப்பில் அட்டவணை என்பது நிரைகளின் தொடையாகும். தொடையின் உறுப்புகளுக்குள் முதலாவது, இரண்டாவது, கடைசி என்ற வேறுபாடு இல்லை. எந்த நிரையும் தனது இடத்தினாற் சிறப்புப் பெறுவதில்லை. தான் கொண்டுள்ள பெறுமானங்களினாலேயே அறியப்படுகின்றது. பயன்படுத்துபவர் தமக்கு வேண்டியது யாது எனக் கூறினாற் போதும். அதனை எவ்வாறு தேடுவது என்பது இயந்திரத்தின் பொறுப்பு.

இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒவ்வொரு விடுதலையும் தனக்கேயுரிய புதிய முரண்பாட்டைத் தோற்றுவிக்கின்றது. ஒழுங்கை ஒழித்த மாதிரியில் 'முதற்பத்து' என்னும் சொற்றொடர் பொருளற்றதாயிற்று. முதல் என்பது இல்லாதவிடத்து முதற்பத்து எங்ஙனம் இருக்கும்? தொடை முழுமையாக வரும். அல்லது தொடையின் ஒரு பகுதி அதன் இயல்பு பற்றி வரும். எண்ணிக்கை பற்றி மாத்திரம் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கும் செயல் அம்மாதிரியில் இடம்பெறவில்லை. ஆனால் திரையோ இருபத்துநான்கு வரிகளையுடையது. மனிதக் கண் அதனிலுங் குறைவானதையே ஒருமுறையிற் கொள்ளும். கோட்பாட்டின் முழுமைக்கும் பாவனையின் குறுமைக்கும் இடையிலான இம்முரண்பாடே அடுத்துவரும் நாற்பது ஆண்டுகளின் வரலாற்றை நிர்ணயித்தது.

4

கொட் வகுத்த கோட்பாட்டை இயங்கும் தொகுதியாக்கும் பணி, சான் ஹொசேயிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் 1974 தொடக்கம் 1979 வரை நடைபெற்றது. அங்கு டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட வினவல் மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது. ஆயின் அம்மொழி தனித்து வாழ முடியவில்லை. அலுவலகங்களின் கணக்குகள் கோபோல் போன்ற மொழிகளில் எழுதப்பட்டிருந்தன. அம்மொழிகள் ஒரு வேளையில் ஒரு பதிவையே கையாள வல்லவை. தொடை முழுவதையும் ஒருங்கே ஏற்கும் ஆற்றல் அவற்றுக்கில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதற்குக் கர்சர் என்னும் நிலைகாட்டி புகுத்தப்பட்டது. விடையாக வந்த தொடையின் மீது அது நிரை நிரையாக நகரும். ஒவ்வொரு முறையும் 'அடுத்ததைத் தா' எனக் கேட்கும். வெளியேற்றப்பட்ட மாலுமி கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் நுழைந்தமை போன்றது இது.

இந்நிலையில் எல்லையிடல் வினவல் மொழிக்குப் புறத்தே நிகழ்ந்தது. செய்நிரல் பத்து நிரைகளைக் கேட்டுப் பெற்று நிறுத்திக்கொண்டது. ஆனால் பத்து மட்டுமே வேண்டும் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. அதிக விலையுடைய பத்து நூல்கள் தேவைப்படினும், பத்து இலட்சம் நிரைகளையும் விலைப்படி வரிசைப்படுத்தி முடித்த பின்னரே முதல் நிரையை அது தரக்கூடும். எஞ்சியவற்றின் மீது செலவிடப்பட்ட இயந்திர உழைப்பு முழுவதும் வீணாயிற்று.

எஸ்.கியூ.எல். 1986இல் அமெரிக்காவின் தேசிய நியமமாகவும் 1987இற் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு நியமம் முன்னும் பின்னும் நகரக்கூடிய கர்சரை விபரித்தது. ஆயினும் வினவலின் உள்ளேயே நிரைகளை எண்ணிக்கையால் எல்லையிடும் வழியை இந்நியமங்களுள் எதுவும் தரவில்லை. இம்மௌனத்தின் நடுவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனவொரு கிளைமொழியை வளர்த்தது. ஒராக்கிள் நிறுவனம் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு தொடரெண் வழங்கும் முறையைக் கையாண்டது. மைக்ரோசொவ்ற் 1998இல் வெளியிட்ட தனது தரவுத்தளத்தின் ஏழாம் பதிப்பில் 'உச்சியிலிருந்து இத்தனை' என்னும் பொருள்படும் ரொப் என்ற சொல்லைப் புகுத்திற்று. ஐ.பி.எம். 'முதல் இத்தனை நிரைகளை மாத்திரம் எடு' என்னும் நீண்ட தொடரை அமைத்தது. 1990களின் நடுப்பகுதியிற் சுவீடனில் தோன்றிய மை எஸ்.கியூ.எல்., எல்லை எனப் பொருள்படும் லிமிற் என்ற ஒற்றைச் சொல்லைக் கைக்கொண்டது. பேர்க்லி ஆய்வுகளின் வழிவந்த போஸ்ற்கிரெஸ் தொகுதியும் அச்சொல்லையே ஏற்றது.

இவை வெறும் சொல் வேறுபாடுகளல்ல. உதாரணமாக, ஒராக்கிளின் தொடரெண் நிரைகள் வரிசைப்படுத்தப்படுவதற்கு முன்னரே வழங்கப்படுவது. அதிக சம்பளம் பெறும் பத்து ஊழியரைத் தருக என எண்ணி ஒருவர் தொடரெண்ணையும் வரிசைப்படுத்தலையும் ஒரே வினவலில் எழுதினால், தற்செயலாக அகப்பட்ட பத்து ஊழியர் சம்பள வரிசையில் வந்து நிற்பர். விடை ஒழுங்காகத் தோன்றும், ஆனால் பிழையானதாயிருக்கும். வரிசைப்படுத்தலை உள்வினவலில் வைத்து, அதன் விளைவின் மீது தொடரெண்ணைப் பொருத்தினாலன்றி இப்பிழை நீங்காது.

எல்லையிடல் நியமத்தில் இடம்பெற்றது 2008ஆம் ஆண்டிலாகும். முதல் நியமத்துக்கும் இதற்குமிடையே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. மைக்ரோசொவ்ற் நியமத்தையொட்டிய வடிவத்தை 2012இலும் ஒராக்கிள் 2013இலும் தத்தம் பதிப்புகளிற் சேர்த்தன. இத்தாமதத்துக்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, கோட்பாடு சார்ந்தது. ஒழுங்கற்ற தொடையிலிருந்து எண்ணிக்கையால் வெட்டியெடுத்தல் மாதிரியின் தூய்மைக்கு முரணானது. வரிசைப்படுத்தலே நியமத்தில் நெடுங்காலம் கர்சரோடு ஒட்டியதாய் வினவலின் விளிம்பில் வைக்கப்பட்டிருந்தது. கர்சருக்குப் புறம்பே அதனை வழங்குதற்கு இசைவளித்ததும் அதே 2008ஆம் ஆண்டு நியமமே என்பது ஈண்டு நோக்கற்பாலது. இரண்டாவது, உடைமை சார்ந்தது. கிளைமொழி வேறுபாடு வாடிக்கையாளரை ஒரே விற்பனையாளரோடு பிணைத்து வைக்கின்றது. ஆயிரக்கணக்கான வினவல்களை ஒரு கிளைமொழியில் எழுதிய நிறுவனம் எளிதில் இடம்மாற முடியாது. திட்டமிட்ட சதி என்று இதனைக் கொள்ள வேண்டுவதில்லை. பொதுமொழியை விரைந்து ஆக்குதற்குரிய பொருளியல் நலன் விற்பனையாளருக்கு இருக்கவில்லை எனக் கொள்வதே பொருத்தமானது.

இதனிடையே 1997இல் மைக்கல் கேரி, டொனால்ட் கொஸ்மன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒரு திருப்புமுனை எனலாம். 'போதும், நிறுத்து' என்னும் பொருள்பட அமைந்தது அதன் தலைப்பு. எல்லை வினவலின் பகுதியாக அமைந்தால், நிரைகளைத் தேடும் வழியைத் தெரிவு செய்யும்போதே இயந்திரம் அதனைக் கருத்திற் கொள்ளலாம் என்பது அவர்களது வாதம். பத்தே வேண்டுமென முன்னரே அறிந்தால் பத்து இலட்சத்தையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. இதுவரை கண்டவற்றுட் சிறந்த பத்தை மட்டும் நினைவில் வைத்து, புதிதாக வரும் நிரை அவற்றுள் இறுதியானதை வென்றால் மாற்றிக்கொள்வதே போதும். எல்லை என்பது வெளியீட்டைச் சுருக்கும் கத்திரிக்கோல் மட்டுமன்று, உழைப்பைக் குறைக்கும் அறிவுமாகும் என்பதை அவர்கள் நிறுவினர்.

5

லிமிற் என்னும் சொல் பெருவழக்குப் பெற்றமைக்கு உலகளாவிய வலையின் அமைப்பே முதன்மைக் காரணமாகும். கர்சர் நிலைப்பதற்கு இயந்திரத்துக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே தொடர்ந்த இணைப்பு வேண்டும். வங்கியொன்றில் நூறு முனையங்கள் இருந்த காலத்தில் அது இயலுமானதாயிருந்தது. வலையிலோ ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தது. பக்கத்தைக் கொடுத்ததும் வழங்கி இயந்திரம் கேட்டவரை மறந்துவிடும். அவர் 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்துவாரா, எழுந்து போய்விட்டாரா என்பது அதற்குத் தெரியாது. பல்லாயிரவர் ஒருங்கே வரும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கர்சரைத் திறந்து வைத்துக் காத்திருத்தல் இயலாத காரியம்.

எனவே ஒவ்வொரு பக்கமும் புதியதொரு வினவலாயிற்று. முதற்பக்கத்துக்குப் பத்து நிரைகள். இரண்டாம் பக்கத்துக்குப் பத்தைத் தாண்டி அடுத்த பத்து. இத்தாண்டுதலைக் குறிக்கும் சொல் ஒவ்செற் ஆகும். விலையின்றிக் கிடைத்த தரவுத்தளங்களைக் கொண்டு தளமமைத்த சிறு குழுவினருக்கும் தனியாட்களுக்கும் லிமிற்றும் ஒவ்செற்றும் பெருங்கொடைகளாயின. கற்பதற்கு எளியன, எத்தனையாவது பக்கத்துக்கும் நேரே தாவ இடந்தருவன. அவற்றின் பரவலை இந்த முற்போக்கான அம்சத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

ஆயின் அவற்றின் செலவு கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருந்தது. பதினாயிரம் நிரைகளைத் தாண்டிப் பத்தைத் தருக என்று கேட்டால் இயந்திரம் தாண்டுவதில்லை. பதினாயிரத்துப் பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, பதினாயிரத்தை எறிந்துவிட்டுப் பத்தைத் தருகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின் இதன் பரிமாணம் விளங்கும். பதினாயிரம் நிரைகளைப் பக்கத்துக்குப் பத்தாக ஆயிரம் பக்கங்களிற் படிக்கும் ஒருவருக்காக இயந்திரம் கடந்துசெல்ல வேண்டிய நிரைகளின் மொத்தம் 50 இலட்சத்து 5 ஆயிரமாகும். காட்டப்படும் ஒரு நிரைக்கு ஏறத்தாழ ஐந்நூறு நிரைகள் வீதம் இயந்திரம் உழைக்கின்றது. முதற்பக்கம் மலிவானது; பின்செல்லச் செல்ல விலையேறும். முதற்பக்கத்துடன் நின்றுவிடும் வாடிக்கையாளரையே இவ்வமைப்பு மனத்திற் கொண்டுள்ளது. முழுவதையும் படிக்க முனையும் ஆய்வாளர் அதற்குச் சுமையாகின்றார்.

இரண்டாவது குறை செலவைவிடப் பாரதூரமானது. முதற்பக்கத்தை ஒருவர் படித்துக்கொண்டிருக்கையிற் பட்டியலின் தலைப்பில் புதிய நிரையொன்று சேருமாயின், மற்றவை ஓரிடம் கீழிறங்கும். அவர் இரண்டாம் பக்கத்தைத் திறக்கும்போது முன்னர் கண்ட பத்தாவது நிரையை மீண்டும் காண்பார். மாறாக, முதற்பக்கத்தில் ஒரு நிரை நீக்கப்படின், பதினோராவது நிரை மேலேறி முதற்பக்கத்துக்குச் சென்றுவிடும். அவர் கண்களில் அது ஒருபோதும் படாது. பட்டியல் முழுவதையும் பார்த்து முடித்தேன் என்று அவர் உளமார நம்புவார். உதவிக்கு விண்ணப்பித்தோரின் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பார்த்து முடிவெடுக்கும் அலுவலர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விடுபட்ட அந்நிரை ஒரு குடும்பமாகும். எவரும் பிழை செய்யாமலே ஒருவர் விடுபட்டுப்போதல் இவ்வமைப்பில் இயலும்.

6

இக்குறைகளுக்கு மாற்றாகப் பொறியியலாளர் கைக்கொண்ட முறை வரலாற்று நோக்கிற் சுவையானது. எத்தனையைத் தாண்டுவது எனக் கூறுவதை விடுத்து, கடைசியாகக் கண்ட நிரை எது எனக் கூறி, அதற்கு அடுத்து வருவனவற்றுட் பத்தைத் தருக எனக் கேட்பதே அம்முறையாகும். தேதியும், தேதி ஒன்றாகும்போது வேறுபடுத்தும் தனியெண்ணும் சேர்ந்த சாவி இங்கு அடையாளமாகின்றது. பொருத்தமான சுட்டி இருப்பின் இயந்திரம் அவ்விடத்துக்கு நேரே செல்லும். ஆயிரமாவது பக்கமும் முதற்பக்கத்தின் விலையிலேயே கிடைக்கும். மேலே கூறிய ஐம்பது இலட்சம், பதினாயிரமாகச் சுருங்கும். தலைப்பில் நிரைகள் சேர்ந்தாலும் நீங்கினாலும் படிப்பவர் நின்ற இடம் பெயர்வதில்லை. மார்க்கஸ் வினான்ட் 2012இல் வெளியிட்ட நூலிலும் பிற எழுத்துக்களிலும் இம்முறையை வலியுறுத்தி ஒவ்செற்றுக்கு எதிரானதோர் இயக்கத்தையே நடத்தினார்.

இம்முறையின் உள்ளடக்கம் யாது? நின்ற இடத்தை நினைவில் வைத்து அடுத்ததைக் கேட்டல். பக்மன் கூறிய மாலுமியின் செயலும் அதுவே. ஆயின் பழைய மாலுமி அப்படியே மீண்டும் வந்துவிடவில்லை. அவர் நம்பியிருந்தது பதிவு வைக்கப்பட்ட பௌதிக இடத்தை. இன்றைய வினவல் நம்பியிருப்பது நிரையின் பெறுமானத்தை. அது கொட் வகுத்த கோட்பாட்டின் சாதனை. தரவின் அமைப்பு மாறினாலும் வினவல் பழுதாவதில்லை. வழிநடத்தலைத் தொடைக் கோட்பாடு மறுத்தது. அம்மறுப்பைப் பாவனையின் தேவை மறுத்தது. இவ்விரு மறுப்புகளினூடாகப் பழையதன் பயனுள்ள கூறு உயர்ந்ததொரு தளத்தில் மீட்கப்பட்டுள்ளது. மறுப்பின் மறுப்பு எனும் இயங்கியல் விதிக்கு இயந்திரங்களின் வரலாற்றிலிருந்து எளியதோர் எடுத்துக்காட்டாக இதனைக் கொள்ளலாம். எனினும் இம்முறைக்கும் இழப்பு உண்டு. ஐம்பத்தேழாம் பக்கத்துக்கு நேரே தாவுதல் இதில் இயலாது. அடுத்து அடுத்து என்றே செல்ல வேண்டும்.

அவ்விழப்பையே பயனாக மாற்றிக்கொண்டன வணிகத் தளங்கள். 2006இல் ஏசா றஸ்கின் அமைத்த முடிவற்ற சுருள் என்னும் உத்தியிற் பக்க எண்களும் இல்லை, முடிவும் இல்லை. கீழே செல்லச் செல்ல நிரைகள் தாமே வந்து சேரும். படிப்பவர் நின்று சிந்திக்கும் இடமாகிய பக்கவிளிம்பு மறைந்துபோயிற்று. அவ்வுத்தியின் விளைவுகள் குறித்து அதன் ஆக்கியோனே பின்னர் வருந்தினார். 1978இன் செய்நிரல் திரை நிரம்பியதும் நின்று படிப்பவரின் விருப்பத்தைக் கேட்டது. முடிவற்ற சுருள் கேட்பதில்லை. கவனத்தை விளம்பரதாரருக்கு விற்கும் பொருளாதாரத்தில் நிறுத்துமிடம் இலாபத்துக்குத் தடையாகின்றது.

7

எல்லையிடலின் அடிப்படை வினாவுக்கு இனி வருவோம். எல்லை இருக்குமிடத்தில் ஒழுங்கு அதிகாரமாகின்றது. நாலாயிரம் நூல்களும் காட்டப்படுமாயின் எது முதலில் நிற்கின்றது என்பது வசதி பற்றிய விடயம். பத்தே காட்டப்படுமாயின் அது இருப்பும் இன்மையும் பற்றியது. அல்ராவிஸ்ரா என்னும் தேடற்பொறியின் ஏறத்தாழ நூறு கோடிப் பதிவுகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, பெரும்பாலானோர் முதற்பத்து விடைகளை மாத்திரமே பார்த்தனர் எனக் கண்டது. கூகிள் தேடற்பொறியை விபரித்து 1998இல் எழுதிய கட்டுரையின் பின்னிணைப்பில் அதன் ஆக்கியோராகிய பிரின்னும் பேஜும், விளம்பரப் பணத்தில் வாழும் தேடற்பொறிகள் விளம்பரதாரரின் பக்கம் சாயும் என எச்சரித்தனர். 2000ஆம் ஆண்டில் அவர்களது நிறுவனமே விளம்பர விற்பனையைத் தொடங்கிற்று. தனிமனிதரின் நேர்மையைவிட அவர்கள் நிற்கும் பொருளியல் உறவுகளே இறுதியில் வலியவை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒழுங்கு பற்றிய இவ்வினா தமிழாய்வாளரை நேரடியாகவும் தொடுகின்றது. 1991இல் வெளியான யூனிகோட் நியமத்தில் தமிழெழுத்துக்களுக்கு வழங்கப்பட்ட எண்கள் நமது நெடுங்கணக்கின் ஒழுங்கில் அமையவில்லை. னகரம் நகரத்தை அடுத்து, மகரத்துக்கு முன்னர் நிற்கின்றது. புள்ளி உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னர் நிற்கின்றது. இதனால் எழுத்தெண்களை மாத்திரம் கொண்டு வரிசைப்படுத்தும் தரவுத்தளத்தில் 'அன்பு' என்பது 'அம்மா' என்பதற்கு முன்னர் வரும். 'அகம்' என்பது 'அக்கா' என்பதற்கு முன்னர் வரும். நமது அகராதி மரபு இவ்விரண்டுக்கும் நேர்மாறானது. தமிழுக்குரிய வரிசை விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கையாள இயந்திரங்கள் ஆயத்தமாகவும் உள்ளன. ஆயின் பட்டியலமைப்போர் அவற்றைத் தெரிந்து இயக்க வேண்டும். இயக்காதவிடத்து முதற்பத்து என வருவன தமிழின் முதற்பத்தல்ல. முழுப்பட்டியலில் இது சிறு குழப்பம். எல்லையிட்ட பட்டியலில் ஒரு நூலின் மறைவு.

எல்லையின் ஓரத்திலும் நீதி பற்றிய வினா ஒன்றுண்டு. பத்தாவது நிரையும் பதினோராவது நிரையும் சம புள்ளிகள் பெற்றிருப்பின் எதனை விடுவது? பெரும்பாலான வினவல்களில் இயந்திரத்தின் தற்செயலே இதனைத் தீர்மானிக்கின்றது. சமநிலையிலுள்ளோர் அனைவரையும் சேர்த்துத் தருக எனக் கூறும் வழி நியமத்தில் உண்டு. போஸ்ற்கிரெஸ் தொகுதி 2020இல் வெளியான தனது 13ஆம் பதிப்பில் அதனை ஏற்றது. கருவி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அதனைக் கேட்டுப் பெறும் உணர்வே வேண்டப்படுகின்றது.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், எல்லையிடலும் பக்கப்படுத்தலும் நடுநிலையான வசதிகள் மட்டுமல்ல என்பதாகும். அட்டையின் அகலமும் திரையின் உயரமும் அவற்றின் பௌதிக அடிப்படை. தரவுப் பெருக்கமும் உடைமை நலனும் அவற்றின் சமூக அடிப்படை. ஒழுங்கைத் துறந்த கோட்பாட்டுக்கும் ஒழுங்கின்றி இயங்கவியலாத பாவனைக்கும் இடையிலான முரண்பாடு அவற்றின் வளர்ச்சி விதி. எல்லையே வேண்டாம் எனக் கூறுதல் பேதைமை. நாலாயிரத்தையும் ஒருங்கே கொட்டும் பட்டியல் எவருக்கும் பயன்படாது. எல்லை எவ்விடத்தில், எந்த ஒழுங்கில், எவர் விதிக்கும் விதிப்படி அமைகின்றது என்பது வெளிப்படையாயிருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

நமது பழந்தொகைகள் பல தம்மைத் தொகுத்தோன் பெயரையும் தொகுப்பித்தோன் பெயரையும் இறுதியிற் கூறிச் சென்றன. தொகுப்புக்குப் பின்னால் ஒரு கையும் ஓர் ஆதரவும் உண்டு என்பதை அவை மறைக்கவில்லை. நமது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் நூற்பட்டியல்களையும் சுவடிப் பட்டியல்களையும் இனிமேல் தரவுத்தளங்களாகவே அமைக்கவுள்ளன. அவற்றின் ஒவ்வொரு பக்கத்திலும், இந்நிரைகள் எவ்விதிப்படி வரிசைப்படுத்தப்பட்டன, மொத்தம் எத்தனையுள் இவை எத்தனை, எஞ்சியவற்றை முழுமையாகப் பெறும் வழி யாது என்னும் மூன்று விபரங்களையும் அச்சிடுமாறு நாம் கோரலாம். அதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. தொகுத்தோன் யார் எனக் கேட்கும் பழக்கத்தைத் திரையின் முன்னாலும் கைவிடாதிருந்தாற் போதும்.